பதினொரு நிரல்கள் செத்த வழக்கு

பிப்ரவரி 11 – 1
பிப்ரவரி 20 – 2
மார்ச் 4 – 1
மார்ச் 13 – 3
மார்ச் 28 – 1
ஏப்ரல் 3 – 2
ஏப்ரல் 18 – 1
மொத்தம் – 11

இது செத்துப்போன நிரல்களின் கணக்கு. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் அறுபத்து நான்கு பம்புகளை ஒரே கணினி கண்காணித்தது. பம்புக்கு ஒரு நிரல் வீதம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, மோட்டாரின் சூடு எவ்வளவு என்று ஐந்து நிமிடம் அளந்து எழுதிவிட்டு அது முடிந்துபோகும். அது ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்த ஐந்து நிமிடத்துக்குப் புதிதாக ஒன்று கிளம்பும். மேலே கண்ட ஏழு நாட்களிலும், காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில், அப்படிப்பட்ட பதினொரு நிரல்கள் பாதி வேலையில் நின்றன. தானாக விழுந்திருந்தால் விழுந்த காரணத்தைக் கணினி எழுதியிருக்கும். இவற்றுக்கு எதிரே ‘நிறுத்தப்பட்டது’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. யாரோ ‘நில்’ என்று சிக்னல் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் பெயருக்கு அந்தப் பழைய இயங்குதளத்தில் இடமே கிடையாது.

மார்ச் 13ஆம் தேதி மூன்று நிரல்கள் ஒன்றாகப் போனபோது ஒரு தொட்டி நாற்பது நிமிடம் வழிந்தது. கீழே இருந்த தெருவில் முழங்கால் தண்ணீர். அதுவரை ‘பாத்துக்கலாம்’ என்றிருந்த மேலாளர், அன்றைக்குத்தான் ‘எதுக்கும் அக்கா’வைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்தப் பெயர் அலுவலகம் வைத்தது. அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கணினியின் அடிவயிற்றில், அதாவது கர்னலில், கை வைக்கத் தெரிந்தவர் அந்த நிறுவனத்தில் அவர் ஒருவர்தான். எந்தப் பேச்சையும் “எதுக்கும் ஒரு தடவ பாத்துடுவோம்” என்று முடிப்பார். பால் பாக்கெட்டை எடை போட்டுப் பார்ப்பார். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையிடம் கடை உரிமத்தின் எண்ணைக் கேட்டவர் என்று அவருடைய கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். “என் கடைக்கு வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாது, எங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு ரொம்பத் தெரியும். ரெண்டுமே நோய்தான்” என்பார்.

கணினி அறையில் காலை ஷிஃப்டை மூன்று ஆபரேட்டர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருவரை மீசை என்பார்கள், ஒருவரை வழுக்கை என்பார்கள். மூன்றாமவர் நெட்டை, ஆறடி இரண்டங்குலம். அவர் அக்காவின் கூடப்பிறந்த தங்கையின் கணவர். ஆறு வருடத்துக்கு முன் அக்கா சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஒருவருக்கு மூன்று நாளைக்கு ஒரு காலை.

ஏப்ரல் 18ஆம் தேதி பதினோராவது நிரல் செத்த பிறகு, அக்கா தன் நோட்டில் ஒரு பக்கத்தில் சாவுத் தேதிகளையும் எதிர்ப்பக்கத்தில் ஷிஃப்ட் பட்டியலையும் எழுதினார். ஏழு தேதிகளும் நெட்டையாரின் காலைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்று பேரில் நெட்டையாருக்கே ஏழும் போய் விழ வாய்ப்பு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தார். இரண்டாயிரத்து நூற்று எண்பத்தேழில் ஒன்று. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை போட்டார். அதே எண்தான் வந்தது.

கணினிக்குள்ளும் ஒரு சந்தேகப் பேர்வழி உண்டு. அதையும் அவர் விடவில்லை. காவல் நிரல் என்று ஒன்று இருந்தது. வேலை செய்யாமல் சிக்கிக்கொண்டு நிற்கும் நிரல்களைப் பட்டியல் எடுக்கும், பத்து நிமிடம் பொறுக்கும், அதற்குப் பிறகும் இருக்கிறவற்றுக்கு ‘நில்’ சிக்னல் அனுப்பும். அது எழுதிவைத்த குறிப்புகளில் பம்பு நிரல்களின் பெயரை அக்கா தேடினார். ஒரு இடத்திலும் இல்லை. தூசி தட்டுகிற, கோப்பு நகர்த்துகிற எடுபிடி நிரல்களைத்தான் நிறுத்தியதாக அதில் இருந்தது. காவல் நிரலை நல்லவர்கள் பக்கத்தில் எழுதினார்.

மிச்சம் இருந்தது மனிதன்.

மூன்று நாள் நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஏப்ரல் 21ஆம் தேதி திங்கட்கிழமை மேலாளர் மறுபடியும் கேட்டார். அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

“சார், நான் ஆளச் சொல்லல. தேதியச் சொல்றேன்.”

மேலாளர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். “தேதியே ஆளச் சொல்லுதே மேடம்.”

“எதுக்கும் இன்னும் கொஞ்சம் பாத்துட்டு…”

“ஜனவரில காலை ஷிஃப்ட் வேணாம்னு மனு குடுத்தாரு, நான் தள்ளிட்டேன். அந்தக் கடுப்புதான். நீங்க போங்க, ஒங்க பேரு வெளிய வராது.”

24ஆம் தேதி நெட்டையாரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை ஜூலை 2 என்றார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும். நிறுவனம் கொடுத்திருந்த குடியிருப்பும் போகும்.

அன்று சாயங்காலமே தங்கை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

“எவனோ பட்டியல் போட்டுக் குடுத்திருக்கான்க்கா! தேதி தேதியா எழுதி! அவன் கை வெளங்குமா? அவன் குடும்பம் உருப்படுமா?”

அக்காவின் கணவர் தூக்கிய டம்ளரை அப்படியே கீழே வைத்தார். நோட்டில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதை அவர் முந்தாநாளே பார்த்திருந்தார்.

“நீதான்க்கா பெரிய ஆளு அங்க. எதையாவது தோண்டி எடு. இவருக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியாது. சினிமாவுக்குப் போலாமான்னு கேட்டா மொகத்துலயே தெரிஞ்சிடும்.”

“தோண்டறேன்” என்றார் அக்கா. அது உண்மை. ஆனால் எந்தப் பக்கம் தோண்டப் போகிறார் என்பதை அவர் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத முகத்தையும் அவர் சந்தேகித்தார். அப்படி ஒரு முகம் கிடைத்தவன் அதை வைத்து என்னதான் செய்ய மாட்டான்?

தங்கை போன பிறகு கணவர் கேட்டார்: “ஏம்மா, நெசமாவே அவருதானா?”

“கணக்கு அப்படிச் சொல்லுது.”

“கணக்கக் கேக்கல. ஒன்னக் கேக்கறேன்.”

அக்கா கதவைப் பூட்டப் போனார்.

நெட்டையார் போன பிறகு சாவு நின்றது. ஏப்ரல் முடிந்தது, மே பத்தும் தாண்டியது, ஒரு நிரல்கூடச் சாகவில்லை. மேலாளருக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கும் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் என்பது பல்லில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு அங்கேயே போய் நிற்கும். கர்னலுக்குள் கை வைக்கும் அனுமதியே இல்லாத ஒரு ஆள், தன் பெயர் எங்கும் படாமல், அந்தப் பதினொன்றையும் எப்படிக் குறிவைத்தார்? அதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும். நெட்டையாரிடம் நல்ல குணங்கள் பல உண்டு. அது அவற்றில் சேராது.

மே 13ஆம் தேதி அக்கா ப்ராசஸ் எண்களை எடுத்து வரிசையாக வைத்தார். ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். ஒவ்வொன்று பிறக்கும்போதும் கணினி அதற்கு ஒரு எண் கொடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போய் 32,768ஐத் தொட்டதும் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். செத்துப்போனவர்களின் எண்களைப் புதிதாகப் பிறப்பவர்களுக்குக் கொடுக்கும். மீசையின் காலைகளில் ஆறிலிருந்து ஏழு மணிக்குள் எண் சுமார் ஆயிரம் ஏறியிருந்தது. வழுக்கையின் காலைகளிலும் அப்படித்தான். நெட்டையாரின் காலைகளில் முப்பத்து மூவாயிரத்துக்கு மேல்.

அக்கா இன்னொரு முறை கழித்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முப்பத்து மூவாயிரம் ப்ராசஸைக் கிளப்பி இந்த மனிதன் என்ன செய்திருக்கிறார்? ‘மாட்டிக்கிட்டாரு’ என்று வாய்விட்டே சொன்னார். சொன்ன வேகத்தில் பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

தங்கை மார்க்கெட் போயிருந்தாள். நெட்டையார் ஸ்டூல் போட்டு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவருக்கு ஸ்டூல் தேவையே இல்லை.

“வாங்கக்கா. உக்காருங்க.”

“உக்கார வரல தம்பி. ஒண்ணு கேக்கணும். ஷிஃப்டுக்கு வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?”

“ஆறு மணிக்குக் கையெழுத்து. அப்புறம் சுவத்துல ஒட்டியிருக்கிற தாள்ல உள்ளபடி. ஒண்ணு, அறை சூடு பாக்கறது. ரெண்டு, பேட்டரி. மூணு, பிரிண்டர். நாலு, பதிவுக் கோப்பெல்லாம் சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணா சரிபாக்கறது.”

“நாலாவத எப்படிப் பாப்பீங்க?”

“அதுக்குக் கட்டளை அதுலயே எழுதியிருக்கேக்கா. அடிச்சா ஓடும். ஆறஞ்சுக்கு அடிச்சா ஆறு பதினஞ்சுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.”

“மீசையும் வழுக்கையும் அதே மாதிரிதான் பண்றாங்களா?”

நெட்டையார் துணியைப் பிழிந்தார். “அவங்க பண்றாங்களா இல்லையான்னு நான் ஏன்க்கா பாக்கணும்? தாள் எனக்கும் சேத்துத்தான் ஒட்டியிருக்கு. நான் பண்றேன்.”

மற்ற இரண்டு பேரும் ஷிஃப்ட் பதிவேட்டில் நான்காம் வரிக்கு எதிரே எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பது அக்காவின் மனதில் ஓடியது. 6.05க்கு மூன்றாம் வரி, 6.06க்கு நான்காம் வரி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒரே நிமிடத்தில் சரிபார்க்க அந்தக் கணினியால் முடியாது. மீசையால் முடிந்திருக்கிறது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நின்றபடியே கணக்குப் போட்டார். கோப்பு ஒன்றுக்கு மூன்று ப்ராசஸ்: பிரிக்க ஒன்று, சரிபார்க்க ஒன்று, எழுத ஒன்று. பிப்ரவரி 8ஆம் தேதி புதிதாக நான்கு பம்புகள் சேர்ந்தன. அதற்கு முன் கோப்புகள் 10,410; அதற்குப் பின் 10,960. மூன்றால் பெருக்கினால் 32,880. எண்களின் மொத்தச் சுற்று 32,768. பிப்ரவரி 8க்குப் பிறகுதான் அந்தச் சரிபார்ப்பு எண் வரிசையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவரத் தொடங்கியிருக்கிறது. அதுவும் காவல் நிரல் பொறுத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்.

காவல் நிரலின் குறிப்பை மறுபடி திறந்தார். இந்த முறை பெயரைத் தேடவில்லை, எண்ணைத் தேடினார். பதினொரு பம்பு நிரல்களின் எண்களும் வரிசையாக வந்து நின்றன. எதிரே எடுபிடி நிரல்களின் பெயர்கள். பட்டியல் எடுத்த நேரத்தில் அந்த எண்கள் எடுபிடிகளுடையவை. பத்து நிமிடம் கழித்து அவை பம்பு நிரல்களுடையவை. காவல் நிரல் பழைய பெயரை எழுதிவிட்டுப் புதிய ஆளைக் கொன்றிருக்கிறது. எண்கள் தினமும் மாறுமே, அவற்றைத் தேடி என்ன பயன் என்று ஏப்ரலில் விட்டவர் அவர்தான்.

மறுநாள் உபரிக் கணினியில் பம்பு நிரல்களை ஓடவிட்டு, அதே சரிபார்ப்பையும் ஓட்டினார். நான்காவது முறையில் ஒரு பம்பு நிரல் செத்தது. தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார்.

“டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுக்கறாங்கன்னு வைங்க சார். நாப்பத்தொண்ணாம் நம்பர் ஆளு ரொம்ப நேரமா தூங்கறான், எழுப்பி வெளிய அனுப்புன்னு காவலாளிகிட்ட சொல்றாங்க. அவன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த ஆளு தானாவே எழுந்து போயிட்டான். அதே நாப்பத்தொண்ண இன்னொருத்தர் கையில குடுத்துட்டாங்க. காவலாளிக்கு மொகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டான்.”

“அப்ப ஏன் இவரு டூட்டில மட்டும்?”

“டோக்கன் தீந்து திரும்ப மொதல்லேருந்து வர்ற அளவுக்கு வேல செஞ்சவரு அவரு ஒருத்தர்தான். மத்தவங்க கையெழுத்து மட்டும் போட்டாங்க.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை.

“மேடம், அவரு ஒங்க தங்கச்சி வீட்டுக்காரர். மொதல்ல அவருதான்னு குடுத்தீங்க. இப்ப இல்லங்கறீங்க. நடுவுல தங்கச்சி வந்து அழுதிருப்பாங்க. சோதனையும் நீங்களே பண்ணினது. யாரு நம்புவா?”

“இயங்குதளத்துலயே ஓட்டை சார்.”

“அப்ப அந்த இயங்குதளத்தப் பாத்துக்கறவங்க சொல்லட்டும். எழுத்துல. ஜூலை ரெண்டுக்குள்ள.”

அந்த இயங்குதளம் இவர்களுடைய சொந்தச் சரக்கு அல்ல. பல நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்துவது. வேறு ஊரில் ஒரு மையக் குழு அதைக் காத்துவந்தது. ‘ஓட்டை இருக்கிறது’ என்று வெறுமனே எழுதினால் அவர்கள் படிக்க மாட்டார்கள். ஓட்டையை அடைக்கும் நிரலோடு எழுதினால்தான் படிப்பார்கள். குழுவின் தலைவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. எதையும் உள்ளே விடமாட்டார் என்பதால் அவருக்கு வாயிற்காப்போன் என்று பெயர்.

நிரல்களுக்குச் சிக்னல் அனுப்புவதற்கென்று கர்னலிடம் ஒரு விண்ணப்ப வழி உண்டு. சிஸ்டம் கால் என்பார்கள். பழைய கால் இரண்டே விவரம் கேட்கும்: எந்த எண்ணுக்கு, என்ன சிக்னல். அக்கா அதற்குப் பதிலாக ஒன்று எழுதினார். எண்ணோடு அந்த ப்ராசஸ் பிறந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் சிக்னல் போகும். மே 17ஆம் தேதி, பதினொரு சாவுகளின் பதிவுகளோடு அதை அனுப்பினார்.

மே 26ஆம் தேதி பதில் வந்தது. மூன்று வரி. ‘உங்கள் கடிகாரம் நொடிக்கு நூறு முறைதான் துடிக்கிறது. ஒரே துடிப்பில் இரண்டு ப்ராசஸ் பிறந்தால் என்ன செய்வீர்கள்? சந்தேகம் முழுமையாக இருக்க வேண்டும்.’

அக்காவின் கணவர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “வல்லவனுக்கு வல்லவன் வையகத்துல உண்டுங்கறது சரியாப் போச்சு. ஒனக்கே சந்தேகம் பத்தலங்கறாரே!”

“சிரிங்க. அவரு சொல்றது நூத்துக்கு நூறு சரி.”

ஒரு வாரம் அக்கா வீட்டில் உப்பு இல்லாமலும் இரண்டு முறை உப்பு போட்டும் சமைத்தார். ஜூன் 2ஆம் தேதி இரண்டாவது வடிவத்தை அனுப்பினார். அதில் சிக்னல் அனுப்ப எண்ணே கிடையாது. ஒரு ப்ராசஸ் மீது சந்தேகம் வந்தால், வந்த அந்தக் கணத்திலேயே அதன் மேல் ஒரு பிடியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிடி அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான். அவன் செத்துப்போய் அவன் எண் நாலு கை மாறினாலும் பிடி மாறாது. செத்தவன் பிடியில் சிக்னல் அனுப்பினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று கர்னல் திருப்பிவிடும். பக்கத்தில் நிற்பவன் தலையில் விழாது.

ஜூன் 9ஆம் தேதி வாயிற்காப்போன் மூன்று கேள்வி கேட்டிருந்தார். அக்காவும் ஒன்றுக்கு ஒன்று எழுதினார். பிடி வைத்திருப்பவன் அதை வேறொருவனிடம் கொடுத்துவிட்டால்? பிடி வைத்திருப்பது மட்டும் போதாது. அனுப்பும் கணத்தில் அனுப்புகிறவனுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கர்னல் பார்க்கும். அனுப்புகிறவன் இன்னொருவன் பெயரைப் போட்டு அனுப்பினால்? அனுப்பியவர் யார் என்பதைக் கர்னலே எழுதும். சொந்தமாக எழுதிக்கொள்ளும் உரிமை தனக்குத் தானே அனுப்பிக்கொள்பவனுக்கு மட்டும். பிடி, சிக்னல், அனுப்புகிறவர் மூன்றும் போக நான்காவதாக ஒரு விவரத்துக்கு இடம் விட்டு அதைச் சும்மா வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? பின்னால் வருகிறவர்களின் தேவைக்கு. இன்றைக்கு அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்பப்படும். தெரியாததை ஏற்றுக்கொண்டால் பிறகு அதுவே உரிமையாகிவிடும்.

ஜூன் 24ஆம் தேதி மூன்றாவது பதில் வந்தது. புதிய கால் ஏற்கப்பட்டது. அடியில் இரண்டு வரி: ‘எண்ணை மட்டும் நம்பும் பழைய காலில், வேறு ப்ராசஸ் கொல்லப்படும் வாய்ப்பு உள்ளது. நீங்கள் அனுப்பிய பதினொரு நிகழ்வுகளுக்கும் அதுவே காரணம் என்பதைச் சோதித்து உறுதி செய்தோம்.’ அக்கா அந்த இரண்டு வரியையும், அனுப்பிய முகவரி உண்மையானதுதானா என்பதையும் ஆறு முறை பார்த்தார்.

ஜூலை 2ஆம் தேதி விசாரணையில் மேலாளரும் நிர்வாகத்திலிருந்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆபரேட்டர்களும் இருந்தார்கள். மையக் குழுவின் பதிலை வாசித்தபின், நிர்வாகத்துக்காரர் ஒருவர் கிழித்த நோட்டுப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

“சரி, இந்தப் பட்டியல் யார் போட்டது? கையெழுத்து இல்லையே.”

மேலாளர் மேசையைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர், பேச மாட்டார். அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போட்டவரே எழுந்து பிழை என்று சொல்லாத பட்டியல், கோப்புக்குள் சாட்சியாகத்தான் கிடக்கும்.

அக்கா எழுந்தார். “நான் போட்டது. தேதி சரி. முடிவு தப்பு.”

நெட்டையார் தலையைத் திருப்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பிரிண்டர் திடீரென்று பேசினால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார்.

மீசைதான் துள்ளி எழுந்தார். “சார், ஞாயமா பேசுங்க. நாங்க செய்யாத நாள்ல ஊருக்குத் தண்ணி ஒழுங்காப் போச்சு. இவரு செஞ்ச நாள்லதான் தெருவே முழுகிச்சு. இப்ப எங்களுக்கு மெமோவா?”

வழுக்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அறையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். அக்கா அடக்கவில்லை, அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஜூலை 5ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கையில் நிறுவனத்தின் கடிதம்.

“உள்ள வா.”

“வரல. கை வெளங்குமான்னு ஒன் வீட்டுல ஒக்காந்து சாபம் விட்டேனே, வாயத் தொறந்தியா நீ?”

“தப்புதான்.”

“எனக்குத் தப்பு ஒப்பெல்லாம் வேணாம். இதப் படி. தேதி தேதியாப் போடத் தெரிஞ்சவதானே. இதுல ஓட்டை இருக்கா சொல்லு.”

அக்கா படித்தார். நெட்டையாரை மறுபடியும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். குடியிருப்பில் இருக்கலாம். எல்லாம் சரி. நான்காம் வரியில் விரல் நின்றது. ‘சந்தேகத்தின் பலனை அன்னாருக்கு அளித்து, குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது.’

“இத அவரு பாத்தாரா?”

“பாத்தாரு. வேல கெடச்சுதுல்ல, விடும்மான்னாரு.”

“விடக்கூடாது.”

“ஏன்? நாங்க சந்தோஷமா இருந்தா ஒனக்குப் பொறுக்காதா?”

“சந்தேகம்னா என்னன்னு எனக்குத் தெரியும்டீ. இந்த ஒரு வரி கோப்புல இருந்தா, நாளைக்கு ஒரு பேனா காணாமப் போனாலும் இந்தத் தாளத்தான் எடுப்பாங்க. நான் இருந்தா நான்தான் மொதல்ல எடுப்பேன்.”

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அக்கா மேலாளர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் கேட்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

“நாலாவது வரிய எடுங்க சார்.”

“மேடம், எல்லாக் கடிதத்துலயும் போடற வரி அது. ஒரு பாதுகாப்புக்கு.”

“யாருக்குப் பாதுகாப்பு?”

மேலாளர் மேசைமேல் இருந்த கோப்பை மூடினார்.

“சந்தேகம் எதுன்னு எழுதுங்க. எழுதினா நான் பதில் சொல்றேன். இல்லன்னா வரிய எடுங்க. எதுன்னு தெரியாத ஒண்ண நாங்க கர்னல்லயே உள்ள விடறதில்ல.”

நான்கு நாள் இழுத்தார்கள். நிர்வாகம் வக்கீலிடம் கேட்டது, வக்கீல் நிர்வாகத்திடமே திருப்பிக் கேட்டார். அக்கா தினமும் காலை பத்து மணிக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நெட்டையார் ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி, “அக்கா, ஒங்களுக்கு ஏன் இவ்வளவு செரமம்” என்றார். “ஒங்களுக்காக இல்ல தம்பி, நீங்க போங்க” என்றார் அக்கா. அதுவும் பாதி உண்மைதான்.

புதிய கடிதத்தில் அந்த வரி இல்லை. ‘அன்னார் மீது எந்தக் குற்றமும் இல்லை, விதிப்படி பணி செய்திருக்கிறார்’ என்று இருந்தது. ஏப்ரல் 21ஆம் தேதிப் பட்டியல் பிழையானது என்று தனியே ஒரு வரி, அதைத் தயாரித்தவரின் பதவியோடு. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் அக்காதான். தங்கை வீட்டுக்கு அது பதிவுத் தபாலில் போனது. வாங்கிக் கையெழுத்திட்டவள் தங்கை.

தபால் கிடைத்த தேதி: ஜூலை 11, வெள்ளிக்கிழமை.